கஜினி ஆன கம்ப்யூட்டர்!

நேரம், ராத்திரி பதினொன்றரை. விடிஞ்சா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ. ரிப்போர்ட்டில் நாலாவது சாப்டரை முடிச்சுட்டு, அஞ்சாவது சாப்டருக்கு ஸ்க்ரீன் ஷாட் ஒட்டிக்கிட்டு இருக்கீங்க. பக்கத்து ரூம் புண்ணியவான் யாரோ, வெந்நீர் போடுறேன் பேர்வழின்னு ஹீட்டர் ராடைச் சொருக... டப்! ஃபேன் நிக்குது, லைட் போகுது, உங்க சிஸ்டமும் கண்ணை மூடுது.

ரெண்டே நிமிஷத்தில் கரன்ட் வந்தாச்சு. 'அப்பாடா'ன்னு ஆன் பண்றீங்க. பாஸ்வேர்டு கேக்குது, கொடுக்கறீங்க. உள்ளே போனா... அது உங்க கம்ப்யூட்டரே இல்லை! வால்பேப்பரில் சிரிச்சுக்கிட்டு இருந்த தலைவரைக் காணோம். டெஸ்க்டாப்பில் ரீசைக்கிள் பின் மட்டும் அநாதையா நிக்குது. குரோமில் ஒரு புக்மார்க் இல்லை. 'ப்ராஜெக்ட் ஃபைனல்', 'ப்ராஜெக்ட் ஃபைனல் 2', 'ப்ராஜெக்ட் ஒரிஜினல் ஃபைனல்'னு நீங்க வச்சிருந்த மூணு ஃபோல்டரும் அப்ஸ்காண்ட்!

வயித்துல புளியைக் கரைக்குதா? கரைக்கட்டும். ஆனா, இப்போதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். ஏன்னா, சத்தம் கேட்டு ஓடி வர்ற நாலு நண்பர்களில் ஒருத்தர் கண்டிப்பா, "ஃபார்மட் பண்ணிடு மச்சி, அரை மணி நேரத்துல பளபளன்னு ஆயிடும்"னு சொல்வார். அந்த ஆளை மட்டும் அன்பா வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திடுங்க.

இதை அனுபவத்தில் சொல்றேன். காலேஜ் நாட்களில் என் சிஸ்டமும் இப்படித்தான் ஒரு கரன்ட் கட்டுக்கு அப்புறம் மொட்டை டெஸ்க்டாப்போடு எழுந்திருச்சது. பதறிப்போய் சி.பி.யூவைத் தூக்கிக்கிட்டு ஒரு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "எல்லாம் போச்சு தம்பி, ஃபார்மட்தான்"னார். தலையாட்டினேன். மூணு வருஷ போட்டோவும், பாதி எழுதின செமினார் பேப்பரும் அன்னிக்குப் போனதுதான். அந்த ஃபைல்கள் எதுவுமே அதுக்கு முன்னாடி போயிருக்கலை, ஹார்டு டிஸ்க்கில் பத்திரமா இருந்தது, அழிச்சதே அந்த ஃபார்மட்தான்னு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சது.

2005-ல் வந்த 'கஜினி' சூர்யா ஞாபகம் இருக்கா? பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாம் மறந்துபோகும். ஆனா, நடந்ததெல்லாம் போட்டோவாவும் உடம்பில் பச்சையாவும் பத்திரமா இருக்கும். உங்க கம்ப்யூட்டர் நிலைமையும் பெரும்பாலும் அதுதான். பொருள் தொலையலை. அது எங்கே இருக்குங்கற ஞாபகம்தான் தொலைஞ்சிருக்கு.

பேரென்ன, தேதி என்ன?

மண்டையில் அடிபட்டு மயங்கி எழுந்தவரிடம் டாக்டர் முதல்ல என்ன கேட்பார்? "உங்க பேரென்ன? இன்னிக்கு என்ன தேதி?" கம்ப்யூட்டரிடமும் அதே ரெண்டு கேள்விதான். திடீர் ரீஸ்டார்ட்டில் மறதி வர்றது ரெண்டு இடத்தில். ஒண்ணு, ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் வச்சிருக்கற நோட்டுப் புத்தகம். அது கெட்டா, கம்ப்யூட்டருக்கு நீங்க யாருன்னு தெரியாது. இன்னொண்ணு, மதர்போர்டில் இருக்கற குட்டி ஞாபக அறை. அது காலியானா, இன்னிக்கு என்ன தேதின்னு தெரியாது.

அதனால ஒண்ணைத் தொடறதுக்கு முன்னாடி, ஸ்க்ரீன் மூலையில் தேதியைப் பாருங்க. தேதி சரியா இருந்து, டெஸ்க்டாப் மட்டும் மொட்டையா இருந்தா, நோட்டுப் புத்தகக் கோளாறு. தேதி பல வருஷம் பின்னாடி போயிருந்தா, மதர்போர்டு கோளாறு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

டீக்கடை அண்ணனும் கணக்கு நோட்டும்

காலேஜ் வாசல் டீக்கடையில் உங்களுக்கு அக்கவுன்ட் இருக்கும்தானே? கூட்ட நேரத்தில் அண்ணன் ஒவ்வொரு டீக்கும் நோட்டை எடுத்து எழுதிக்கிட்டு இருக்க மாட்டார். 'ரெண்டு டீ, ஒரு பஜ்ஜி'ன்னு மனசில் வச்சுக்கிட்டு, கூட்டம் குறைஞ்சதும் மொத்தமா எழுதுவார். கம்ப்யூட்டரும் அப்படித்தான். நீங்க மாத்தற ஒவ்வொண்ணையும் அப்பப்போ டிஸ்க்கில் எழுதினா வேகம் படுத்துடும். அதனால, ரேமில் வச்சுக்கிட்டு சாவகாசமா எழுதும். ரேம் என்பது கரன்ட் இருக்கற வரைக்கும்தான். எழுதிக்கிட்டு இருக்கும்போதே யாராவது நோட்டைப் பிடுங்கினா? பாதி வரி எழுதினபடி நிக்கும்.

விண்டோஸின் அந்த நோட்டுக்குப் பேர், ரெஜிஸ்ட்ரி. அது ஒரே ஃபைல் கிடையாது. மெஷினுக்குப் பொதுவா சில ஃபைல்கள், ஒவ்வொரு யூசருக்கும் தனியா ஒரு ஃபைல். உங்களோடது, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ளே உங்க பேரில் இருக்கற ஃபோல்டரில் ஒளிஞ்சிருக்கும். பேரு, என்டியூசர்.டாட். வால்பேப்பரில் ஆரம்பிச்சு, டாஸ்க்பார், டீஃபால்ட் பிரின்டர், சாஃப்ட்வேர்களில் நீங்க பண்ணின மாற்றங்கள் வரைக்கும் நிறைய சங்கதிகள் இதில்தான்.

விண்டோஸ் ஒண்ணும் ஏமாளி இல்லை. நோட்டில் எழுதறதுக்கு முன்னாடி ஒரு ரஃப் நோட்டில் குறிச்சு வச்சுக்கும். பாதியில் கரன்ட் போனாலும், அடுத்த தடவை ரஃப் நோட்டைப் பார்த்துச் சரி பண்ணிக்கும். அதனாலதான் நூறு தடவை கரன்ட் போனாலும் தொண்ணூத்தி எட்டு, தொண்ணூத்தி ஒன்பது தடவை நமக்கு ஒண்ணும் ஆகறதில்லை (இது ஆராய்ச்சிப் புள்ளிவிவரம் இல்லீங்க, ஹாஸ்டல் கணக்கு!). மிச்சமிருக்கற ஒரு தடவை, உங்க ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி வரும்.

அப்படி உங்க நோட்டைத் திறக்க முடியாமப் போனா, விண்டோஸ் உங்களை வாசலிலேயே நிறுத்தறதில்லை. ஒரு தற்காலிக ப்ரொஃபைலை உருவாக்கி உள்ளே விடுது. வீட்டுப் பூட்டு சிக்கிக்கிச்சு, இன்னிக்கு ஒரு ராத்திரி லாட்ஜில் தங்கிக்கோங்கன்னு சொல்ற மாதிரி. நீங்க பார்த்த மொட்டை டெஸ்க்டாப், லாட்ஜ் ரூம். உங்க வீடும் சாமான்களும் பூட்டின பூட்டுக்குள்ளே அப்படியேதான் இருக்கு. 'உங்க அக்கவுன்ட்டில் சைன் இன் பண்ண முடியலை'ங்கற மாதிரி ஓரமா ஒரு அறிவிப்பும் வந்திருக்கும். நாமதான் அதை எப்பவும் போல கிராஸ் மார்க்கை அமுக்கி விரட்டியிருப்போம்.

இங்கேதான் பெரிய கண்ணி. 'சரி, போனது போகட்டும்'னு அந்த லாட்ஜ் ரூமில் உட்கார்ந்து விடிய விடிய ரிப்போர்ட்டை மறுபடி டைப் பண்ணி, டெஸ்க்டாப்பில் சேவ் பண்ணிட்டுத் தூங்கப் போனீங்கன்னா, சைன் அவுட் ஆன நிமிஷமே ரூமைப் பெருக்கித் துடைச்சுடுவாங்க. அந்த ராத்திரி உழைப்பு மொத்தமும் காலி. பழைய ஃபைல் தொலையலை, ஆனா புது ஃபைல் நிஜமாவே தொலைஞ்சு போச்சுங்கற கொடுமை இதில்தான் நடக்கும். அந்த நிலைமையில் எதையாவது சேவ் பண்ணியே ஆகணும்னா பென்டிரைவில் பண்ணுங்க, டி டிரைவில் பண்ணுங்க, உங்களுக்கே மெயில் அனுப்பிக்கோங்க. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டைத் திறக்கறது எப்படி?

முதல் வேலை, வீடு இருக்கான்னு எட்டிப் பார்க்கறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவ், யூசர்ஸ், உங்க பேர். உள்ளே டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்தா, 'ப்ராஜெக்ட் ஒரிஜினல் ஃபைனல்' சமர்த்தா உட்கார்ந்திருக்கும். ஒன்டிரைவ் பேக்கப் ஆன் ஆகியிருக்கற மெஷின்களில், டெஸ்க்டாப் அங்கே இல்லாம ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளே இருக்கும். அதையும் பார்த்துடுங்க. கிடைச்சதும் மொத்தத்தையும் பென்டிரைவில் காப்பி பண்ணிடுங்க. ரிப்பேர் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். இதை முடிச்சாலே உங்க ரிவ்யூ பிழைச்சுடும். வால்பேப்பர் தலைவர் ரெண்டு நாள் கழிச்சு வரட்டும்.

டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போது போன அஞ்சாவது சாப்டர்? வேர்டு தானா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு நகல் எடுத்து வைக்கும், நீங்க அந்த செட்டிங்கை மாத்தாத வரைக்கும். வழக்கமா வேர்டைத் திறந்தாலே அந்த நகல் இடது பக்கம் வந்து நிக்கும். லாட்ஜ் ரூமில் இருந்தா வராது. ஏன்னா, நகல் இருக்கறது பழைய வீட்டில். உங்க பழைய ஃபோல்டருக்குள்ளே ஆப்டேட்டான்னு மறைஞ்சிருக்கற ஃபோல்டர் ஒண்ணு உண்டு. வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் பண்ணினா தெரியும். அதில் ரோமிங், மைக்ரோசாஃப்ட், வேர்டுன்னு போய், ஏ.எஸ்.டின்னு முடியற ஃபைல் இருக்கான்னு தேடுங்க. இருந்தா, கடைசி பத்து நிமிஷம் தவிர மத்ததெல்லாம் உங்களுக்கு.

அப்புறம் பூட்டு. முதல் சாவி ரொம்ப சிம்பிள், ரீஸ்டார்ட். ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னு ஒண்ணு வந்தது. அது ஆனில் இருந்தா, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் ஒரு பகுதியை அப்படியே டிஸ்க்கில் உறைய வச்சு, அடுத்த தடவை அதையே எழுப்பும். முழுசாக் குளிச்சுட்டு வர்றது ரீஸ்டார்ட்டில்தான். ரெண்டு மூணு ரீஸ்டார்ட்டில் பழைய டெஸ்க்டாப் திரும்பி வந்த கேஸ் நிறைய. விண்டோஸ் உங்க நோட்டைத் திறக்கப் போன நேரத்தில் ஆன்டிவைரஸ் அதைப் பிடிச்சு ஸ்கேன் பண்ணிக்கிட்டு இருந்தாக்கூட இந்தக் கூத்து நடக்கும்.

அதுக்கும் மசியலைன்னா, டிஸ்க்கைச் சோதிக்கணும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாத் திறந்து, செக்டிஸ்க் கட்டளையை சி டிரைவுக்கு எஃப் ஸ்விட்ச்சோடு கொடுத்தா, அடுத்த ரீஸ்டார்ட்டில் ஓடும். காப்பி எடுக்காம மட்டும் இதை ஓட்டாதீங்க. சாகக் கிடக்கற டிஸ்க்கா இருந்தா, செக்டிஸ்க் போட்டு உலுக்கறதிலேயே உயிர் போனாலும் போயிடும்.

இன்னும் மசியலையா? ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ப்ரொஃபைல்லிஸ்ட்னு ஒரு இடம். லோக்கல் மெஷினில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன்னு இறங்கினா வரும். அங்கே எஸ்-1-5-21-ன்னு ஆரம்பிக்கற நீள நம்பர்கள் இருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு யூசர். உங்க நம்பர் ரெண்டு தடவை இருந்து, அதில் ஒண்ணு டாட் பேக்னு முடிஞ்சா, கள்ளன் பிடிபட்டான். டாட் பேக்னு இருக்கறதுதான் உங்க நிஜ வீடு. வால் இல்லாதது லாட்ஜ். வால் இல்லாததுக்கு வேற ஏதாவது வாலை ஒட்டிட்டு, டாட் பேக்கின் வாலை வெட்டிட்டு, ரீஸ்டார்ட் பண்ணினா பெரும்பாலும் கதவு திறந்துடும். கை வைக்கறதுக்கு முன்னாடி அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கணும். இதைப் படிக்கும்போதே கை நடுங்கினா, விட்டுடுங்க. டிபார்ட்மென்ட்டில் இதெல்லாம் ரசிச்சுப் பண்ற ஒரு ஆள் கண்டிப்பா இருப்பார். ஒரு முட்டை பரோட்டாவில் வேலை முடியும்.

நோட்டே கிழிஞ்சிருந்தா? புது யூசர் அக்கவுன்ட் ஒண்ணை உருவாக்கி, பழைய ஃபோல்டரில் இருந்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸை மட்டும் கொண்டு வந்துடுங்க. என்டியூசர்னு பேர் ஆரம்பிக்கற எதையும் தொடாதீங்க, வியாதியும் சேர்ந்து வரும். குரோம் ஃபோல்டரைக் காப்பி பண்ணிட்டா பாஸ்வேர்டெல்லாம் வந்துடும்னு நினைக்காதீங்க. அவை பழைய யூசரின் பேரில் பூட்டின பெட்டிக்குள்ளே இருக்கு, புது யூசருக்குத் திறக்காது. கூகுள் அக்கவுன்ட்டில் சின்க் போட்டிருந்தீங்கன்னா சைன் இன் பண்ணினதும் அதுவா வந்து சேர்ந்துடும்.

ரெஸ்டோர் பாயின்ட் இருந்தா இதெல்லாம் இன்னும் சுலபம். சிஸ்டம் ரெஸ்டோர் உங்க டாக்குமென்ட்டுகளைத் தொடாம, ரெஜிஸ்ட்ரியையும் சிஸ்டம் ஃபைல்களையும் பழைய நாளுக்குக் கொண்டு போகும்; நடுவில் போட்ட சாஃப்ட்வேர்களைத் திரும்பப் போடணும், அவ்வளவுதான். ஆனா, பல மெஷின்களில் அது ஆன் ஆகியே இருக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இன்டர்நெட்டில் தேடினா, 'ரெக்பேக் ஃபோல்டரில் இருக்கற ஃபைல்களைக் காப்பி பண்ணிப் போடு, ரெஜிஸ்ட்ரி சரியாகிடும்'னு சொல்ற பழைய குறிப்புகள் ஏகப்பட்டது கிடைக்கும். ஒரு காலத்தில் அது அருமையான வைத்தியம். 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலிருந்து, விண்டோஸ் அந்த ஃபோல்டரில் தானா பேக்கப் எடுக்கறதை நிறுத்திடுச்சு. இப்போ திறந்து பார்த்தா ஃபைல் பேர்கள் இருக்கும், சைஸ் பூஜ்யம். அந்தக் காலி டப்பாவை எடுத்து நல்ல ஃபைல் மேல கொட்டினீங்கன்னா, மறதி நோயாளி நேரா மார்ச்சுவரிதான்.

காயின் அளவு பேட்டரி, கண்டம் பெரிசு

இனி ரெண்டாவது கேள்வி, தேதி. கரன்ட் வந்து ஆன் பண்ணினதும், கறுப்பு ஸ்க்ரீனில் 'சிமாஸ் செக்சம் எரர்'னு ஏதோ வந்து, எஃப்1 அமுக்கச் சொல்லுது. அமுக்கறீங்க. உள்ளே போனா தேதி பத்து வருஷம் பின்னாடி. நெட் கனெக்ட் ஆகுது, ஆனா ஒரு சைட் திறக்கலை. எக்ஸாம் ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி தேதி, யுனிவர்சிட்டி சைட்டைத் திறந்தா 'பாதுகாப்பு இல்லை'ன்னு மிரட்டுது. வைரஸ்னு முடிவு பண்ணி, மறுபடியும் ஃபார்மட் கோஷ்டி கிளம்பிடும்!

வைரஸும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை. ஒவ்வொரு பாதுகாப்பான சைட்டும் ஒரு சர்டிஃபிகேட் காட்டும். அதில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்'னு எழுதியிருக்கும். உங்க கம்ப்யூட்டர் பத்து வருஷம் முன்னாடி வாழ்ந்துக்கிட்டு இருக்கறதால, அந்த சர்டிஃபிகேட் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லைன்னு நினைக்குது. தேதியைச் சரி பண்ணினாப் போதும், சைட் திறந்துடும்.

தேதி ஏன் போச்சு? கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1981-ல் வந்த ஐ.பி.எம் பி.சியில் செட்டிங்ஸை மாத்தணும்னா, மதர்போர்டில் இருக்கற குட்டிக் குட்டி ஸ்விட்ச்சுகளைத் தள்ளணும். ஆஃப் பண்ணினா தேதியும் மறந்துடும். 1984-ல் வந்த பி.சி. ஏ.டியில்தான் பேட்டரியில் ஓடற கடிகாரமும், அதோடு சேர்ந்த ஞாபக அறையும் வந்தது. அந்தச் சிப்பில் இருந்தது மொத்தம் 64 பைட். ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் பாதிகூடத் தேறாது! அதிலேயே 14 பைட் கடிகாரத்துக்குப் போயிடும். சிமாஸ்ங்கறது அந்தச் சிப் செய்யற முறையின் பேர். அதுவே செட்டிங்ஸுக்கும் பட்டப்பேராகி, இன்னிக்கு வரைக்கும் ஒட்டிக்கிச்சு. இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றில் செட்டிங்ஸின் பெரும்பகுதி பேட்டரி தேவைப்படாத ஃப்ளாஷ் சிப்புக்குப் போயாச்சு. கடிகாரம் மட்டும் இன்னும் பேட்டரியை நம்பித்தான் ஓடுது.

டெஸ்க்டாப் மதர்போர்டில் வெள்ளி நாணயம் மாதிரி பளபளன்னு இருக்கே, அதான் அந்த பேட்டரி. பேரு, சி.ஆர். 2032. இந்த நம்பர் ஜாதகமே சொல்லும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். புதுசா இருக்கும்போது 3 வோல்ட். சில வருஷம் உழைக்கும், அப்புறம் ரிட்டயர்மென்ட்.

அது நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது, கரன்ட் போன அன்னிக்கு ஏன் காலை வாருது? ப்ளக் சொருகி ஸ்விட்ச் ஆனில் இருக்கற வரைக்கும், நீங்க ஷட் டவுன் பண்ணியிருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ் 5 வோல்ட்டில் கொஞ்சம் கரன்ட்டை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கிட்டே இருக்கும். கடிகாரம் அதிலேயே ஓடிக்கும். பேட்டரி செத்து மாசக்கணக்கானாலும் நமக்குத் தெரியாது. சப்ளை முழுசா நின்ன அன்னிக்குத்தான் சாயம் வெளுக்கும். செமஸ்டர் லீவுக்கு ப்ளக்கைப் பிடுங்கிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினதும் நிறைய சிஸ்டங்கள் படுக்கறதுக்கும் இதுதான் காரணம்.

மாத்தறது ஈஸி. ப்ளக்கைப் பிடுங்கிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கற ஸ்டாட்டிக்கை இறக்கிட்டு, பக்கத்தில் இருக்கற க்ளிப்பை லேசா அமுக்கினா பேட்டரி எகிறி வரும். பழசு எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, அதே மாதிரி புதுசை வைங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கெல்லாம் போக வேண்டாம், வாட்ச் ரிப்பேர் கடையிலேயே கிடைக்கும். மெஸ்ஸில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. லேப்டாப்பில் கதை வேற. சிலதில் ஒயர் வச்ச பேட்டரி உள்ளே புதைஞ்சிருக்கும், சிலதில் தனி பேட்டரியே இருக்காது. அங்கே ஸ்க்ரூடிரைவரோடு சாகசம் வேண்டாம்.

பேட்டரி மாத்தினதும் வேலை முடியலை. ஃபேக்டரி செட்டிங்ஸுக்குத் திரும்பின மதர்போர்டு, நீங்க மாத்தி வச்சிருந்ததையெல்லாம் மறந்திருக்கும். இதில் விஷமமான ஒண்ணு, ஹார்டு டிஸ்க்கோடு பேசற முறை. விண்டோஸ் போட்டபோது ஏ.ஹெச்.சி.ஐன்னு இருந்து, இப்போ ரெய்டுன்னு மாறியிருந்தா, 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்'னு நீல ஸ்க்ரீன் வந்து விண்டோஸ் ஏறாது. ஹார்டு டிஸ்க்கே அவுட்னு புதுசு வாங்கினவங்களும் உண்டு. பயாஸுக்குள்ளே போய் அந்த ஒரு ஆப்ஷனைப் பழையபடி மாத்தினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி விண்டோஸ் எழுந்து வரும். அதே மாதிரி, ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ விர்ச்சுவல் பாக்ஸோ திடீர்னு ஓட மாட்டேங்குதுன்னா, பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆஃப் ஆகியிருக்கான்னு பாருங்க.

புது லேப்டாப்காரங்களுக்கு இன்னொரு கண்டம். டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்து, பயாஸ் செட்டிங்ஸ் மாறிட்டா, 'யாரோ மெஷினில் கை வச்சிருக்காங்க'ன்னு சந்தேகப்பட்டு பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். ஆன் பண்ணினதே ஞாபகம் இல்லையேம்பீங்க. பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சைன் இன் பண்ணினதுமே அது தானா ஆன் ஆகியிருக்கும். கீயும் அதே அக்கவுன்ட்டில் போய் உட்கார்ந்திருக்கும். போனில் அந்த அக்கவுன்ட்டைத் திறந்து எடுத்துக்கலாம், அது எந்த மெயில் ஐ.டின்னு உங்களுக்கு ஞாபகம் இருந்தா! பர்ஸ்ட் இயரில் லேப்டாப் செட் பண்ணிக் கொடுத்த சீனியர் ஏதோ ஒரு ஐ.டியைப் போட்டுட்டுப் போயிருந்தா, சீனியரைத் தேடிப் புறப்பட வேண்டியதுதான். கீ இல்லைன்னா டிஸ்க்கில் இருக்கறது யாருக்கும் கிடையாது, சர்வீஸ் சென்டருக்கும் கிடையாது. இன்னிக்கே அதை எடுத்து ஒரு பேப்பரில் எழுதி, மார்க் ஷீட் ஃபைலுக்குள்ளே சொருகிடுங்க.

ஆமா, ஏன் ரீஸ்டார்ட் ஆச்சு?

நம்ம கதையில் ஹீட்டர் ராடு மாட்டிக்கிச்சு. ஆனா, கரன்ட் இருக்கும்போதே சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆனா? ஈவன்ட் வியூவர்னு ஒரு டைரி விண்டோஸில் உண்டு. அதில் சிஸ்டம் பகுதியில் கெர்னல் பவர் 41-ன்னு சிவப்பில் இருந்தா, 'முறையா மூடாம படுத்துட்டேன்'னு அர்த்தம். அதன் டீடெய்ல்ஸில் பக்செக் கோட் பூஜ்யமா இருந்தா, நீல ஸ்க்ரீன் எதுவும் பதிவாகலை. எஸ்.எம்.பி.எஸ், ஒயர், யு.பி.எஸ், சூடு இந்த வகையறாவைச் சந்தேகப்படுங்க. பூஜ்யம் இல்லாத நம்பர் இருந்தா, டிரைவர் அல்லது ரேம் பக்கம் பாருங்க. 1074-ன்னு இருந்தா விபத்தே இல்லை. அப்டேட்டோ ஏதோ ஒரு சாஃப்ட்வேரோ முறைப்படி ரீஸ்டார்ட் பண்ணியிருக்கு. யார் பண்ணினதுங்கற பேரும் அங்கேயே இருக்கும்.

ஹாஸ்டல்களில் நான் அதிகம் பார்க்கிற குற்றவாளி, பேட்டரி செத்த லேப்டாப். சார்ஜ் நிக்கறதில்லைன்னு சார்ஜரிலேயே வருஷக்கணக்கா ஓட்டுவாங்க. ரூம்மேட் காலை நீட்டி ஒயரில் பட்டா டப். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் லூசா இருந்தா டப். ஒவ்வொரு டப்பும், டீக்கடை அண்ணன் கையில் இருந்து நோட்டைப் பிடுங்கற மாதிரி. டெஸ்க்டாப்காரங்க யு.பி.எஸ் இருக்குன்னு மிதப்பில் இருப்பாங்க. அதுக்குள்ளே இருக்கற பேட்டரி ரெண்டு மூணு வருஷத்தில் தளர்ந்துபோய், கரன்ட் போனதும் 'பீப்'னு ஒரு சத்தம் போட்டுட்டு சிஸ்டத்தோடு சேர்ந்தே உடன்கட்டை ஏறும்.

காலேஜ் லேப் பத்தியும் ஒரு வார்த்தை. பல லேப்களில் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் சி டிரைவைப் பழைய நிலைக்குத் திருப்பற சாஃப்ட்வேர் போட்டு வச்சிருப்பாங்க. அங்கே கரன்ட் போய் வந்து உங்க ப்ரோக்ராம் காணாமப் போனா, அது கோளாறு இல்லை, ஏற்பாடே அதுதான். யூசர்ஸ் ஃபோல்டரைத் துழாவிப் பிரயோஜனம் இல்லை. எந்த டிரைவில் சேவ் பண்ணினா நிக்கும்னு லேப் அசிஸ்டென்ட்டை முதல் நாளே கேட்டு வச்சுக்கணும்.

யு.பி.எஸ்ஸை நம்பலாமா வேண்டாமான்னு தெரியணுமா? எல்லா ஃபைலையும் மூடிட்டு, சிஸ்டத்தை முறையா ஷட் டவுன் பண்ணுங்க. யு.பி.எஸ்ஸில் ஒரு பழைய டேபிள் லேம்ப்பை மாட்டி, சுவர் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுங்க. லேம்ப் எத்தனை நிமிஷம் எரியுதுன்னு எண்ணுங்க. லேம்ப்பை விட உங்க சிஸ்டம் பல மடங்கு அதிகமா இழுக்கும். லேம்ப்பே ரெண்டு நிமிஷத்தில் அணைஞ்சா, அந்த டப்பா இத்தனை நாளா உங்க டேபிளில் இடத்தை மட்டும்தான் அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு.